விக்கியில் உள்ளடக்க வகைகளுக்கான ஸ்கீமா மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கிப் பக்கம் என்றால் உள்ளே விக்கி உரைதான் என்ற நிலை எப்போதோ மாறிவிட்டது. ஜேசன் தரவு, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், லுவா நிரல், வரைபடத் தரவு என்று ஒவ்வொன்றும் தனி உள்ளடக்க வகை. எந்தத் திருத்தத்தில் எந்த வகை இருக்கிறது என்பதை டேட்டாபேஸ் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவை எங்கே, எப்படி வைப்பது (டேபிள்கள், ஃபீல்டுகளின் இந்த அமைப்புதான் ஸ்கீமா), ஓடிக்கொண்டிருக்கும் விக்கியில் அதை எப்படி இடம் மாற்றுவது என்பதற்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியிலிருந்து வருகின்றன. இந்தப் பாதையில் அதிக தூரம் போய், தன் தவறுகளைத் தானே திருத்திக்கொண்ட மென்பொருள் அது. டோக்குவிக்கி போலப் பக்கங்களைக் கோப்புகளாகவே வைக்கும் மென்பொருளுக்கு இந்தப் பக்கம் பொருந்தாது.

புது வகை ஒன்று சேர்த்தாலே ஸ்கீமாவைத் தொட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வகைப் பெயரைச் சேமிக்க ஏற்கெனவே இடம் இருந்தால், அந்தப் பெயரோடு ஒரு ஹேண்ட்லர் கிளாஸை இணைத்தால் போதும். உரையைச் சரிபார்ப்பது, காட்டுவது, இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவது எல்லாம் ஹேண்ட்லரின் வேலை. டேட்டாபேஸுக்கு அது வெறும் பைட்டுகள்தான்.

அந்த உரைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றை வைத்துத் தேட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும் என்று வரும்போதுதான் டேபிள் தேவைப்படுகிறது. அப்போதும் முதலில் பேஜ்_ப்ராப்ஸ் டேபிளைப் பாருங்கள். பக்க எண், பண்பின் பெயர், மதிப்பு, வரிசைப்படுத்த ஒரு தசம எண் ஆகிய நான்கும் அதில் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு மதிப்பு போதும் என்றால் அதுவே போதும். ஒரு பக்கத்துக்கு அதே பண்பில் பல மதிப்புகள் வரும், அல்லது இரண்டு பண்புகளைச் சேர்த்துத் தேட வேண்டும் என்றால்தான் தனி டேபிள் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்படிப் போடும் டேபிள் உரையிலிருந்து எடுத்த நகல்தான் என்பதை மறக்காதீர்கள். அதை முழுதாகக் காலி செய்துவிட்டு, பக்கங்களை மறுபடி பார்ஸ் செய்து நிரப்ப முடிய வேண்டும். முடியாது என்றால், உரையில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று டேபிளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வரலாற்றிலும் அது தெரியாது, பழைய திருத்தத்துக்கு மீட்டாலும் திரும்பி வராது.

வகையைப் பக்கத்தில் குறிப்பதா, திருத்தத்தில் குறிப்பதா?

திருத்தத்தில். இன்னும் துல்லியமாகச் சொன்னால், திருத்தம் சுட்டும் உள்ளடக்கத்தில். நேற்று வரை விக்கி உரையாக இருந்த பக்கம் இன்று ஜேசன் ஆகலாம். வகையைப் பக்கத்தில் மட்டும் எழுதிவைத்தால், நேற்றைய திருத்தத்தைத் திறக்கும்போது விக்கி உரையை ஜேசன் பார்சரிடம் கொடுத்துவிடும். வரலாற்றுப் பக்கத்தில் பிழை வரும். ஒப்பீட்டுப் பக்கம் அதைவிட மோசம், இரண்டு பக்கமும் இரண்டு வகை.

பக்க டேபிளிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம். மீடியாவிக்கி பேஜ்_கன்டென்ட்_மாடல் என்று வைத்திருக்கிறது. 'ஜேசன் பக்கங்கள் எல்லாம் எவை?' என்பது போன்ற கேள்விக்குக் கோடிக்கணக்கான திருத்தங்களைத் துழாவாமல் பதில் சொல்ல அது உதவும். ஆனால் இரண்டும் முரண்பட்டால் எது சரி என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். நடப்புத் திருத்தம் சொல்வதே சரி.

வகைப் பெயரை எழுத்தாக வைப்பதா, எண்ணாக வைப்பதா?

மீடியாவிக்கி 1.21 (2013) இந்த வசதியைக் கொண்டுவந்தபோது எழுத்தாகத்தான் வைத்தது. திருத்த டேபிளின் ஒவ்வொரு வரிசையிலும் வகைக்கு ஒரு ஃபீல்டு, அது சேமிக்கப்படும் வடிவத்துக்கு இன்னொரு ஃபீல்டு. கணக்கைப் பாருங்கள்: விக்கிடெக்ஸ்ட் என்ற ஆங்கிலப் பெயர் 8 பைட், நீளத்தைக் குறிக்க 1, ஆக 9. அதன் வடிவப் பெயர் 11 பைட், நீளத்துக்கு 1, ஆக 12. ஒரு வரிசைக்கு 21 பைட். 4 கோடித் திருத்தங்கள் இருந்தால் 84 கோடி பைட், அதாவது ஏறக்குறைய 840 எம்பி, அதுவும் கிட்டத்தட்ட எல்லா வரிசையிலும் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்காக. 2 பைட் சிற்றெண் ஒன்று வைத்து, பெயரைத் தனியாக ஒரு சிறு டேபிளில் வைத்தால் அதுவே 80 எம்பியில் முடிந்துவிடும். வடிவத்துக்கான ஃபீல்டு கடைசியில் தேவையே இல்லை என்று ஆனது. வகைக்கு ஒரு வடிவம்தான் நடைமுறையில் இருந்தது.

'ஈனம்' (enum), அதாவது சாத்தியமான பெயர்களை டேபிளின் வரையறைக்குள்ளேயே பட்டியலிடும் ஃபீல்டு வகை, வேண்டாம். புது வகையை எக்ஸ்டென்ஷன்கள் கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் பெரிய டேபிளின் வரையறையை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பெயர் டேபிள் என்றால் ஒரே ஒரு வரிசை சேர்த்தால் போதும்.

பெயரைச் சிற்றெழுத்து ஆங்கிலத்தில் வைத்து, வாசகர் பார்க்கும் பெயரை மொழிபெயர்ப்புச் செய்தியாகத் தனியே வையுங்கள். இந்த ஃபீல்டுகள் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகின்றன. யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட் ஆகிவிடும். 64 பைட் இடம் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் டேபிளில் என்ன தவறு நடக்க முடியும்? பத்து வரிசைதானே?

பத்து வரிசைதான். ஆனால் எல்லாத் திருத்தமும் அதை நம்பி நிற்கிறது. இரண்டு சிக்கல்கள் உண்மையாகவே வருபவை.

ஒன்று, ரோல்பேக், அதாவது எழுதியது ரத்தாவது. பக்கத்தைச் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) புதுப் பெயருக்கு எண் 7 கிடைக்கிறது. அந்த எண் கேஷுக்கும் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) போய்விடுகிறது. பிறகு ஏதோ காரணத்தால் டிரான்சாக்ஷன் ரத்தாகிறது. டேபிளில் 7 இல்லை, கேஷில் இருக்கிறது. அடுத்து வரும் சேமிப்புகள் எல்லாம் இல்லாத 7ஐச் சுட்டி எழுதப்படும். பெயரைச் சேர்ப்பதைத் தனி இணைப்பில், உடனே கமிட் (நிலையாகப் பதிவு) ஆகும்படி செய்யுங்கள். கமிட் ஆன பிறகே கேஷில் வையுங்கள்.

இரண்டு, எண் தீர்ந்துபோவது. 'ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு' என்ற வகை இன்சர்ட்டை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் ஓட்டினால், வரிசை சேராவிட்டாலும் தானாக ஏறும் எண் ஒன்று செலவாகும். ஒவ்வொரு சேமிப்பிலும் இதைச் செய்தால், குறியில்லாச் சிற்றெண்ணின் உச்சமான 65,535 ஒரு நாளிலேயே வந்துவிடலாம். இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் சிற்றெண் 32,767 வரைதான். முதலில் படித்துப் பாருங்கள், இல்லை என்றால் மட்டும் சேருங்கள்.

இயல்பு வகைக்கு 'நல்' (மதிப்பே இல்லை) என்று விட்டால் இடம் மிச்சமாகுமே?

இந்த 'நல்' நல்லதல்ல. மதிப்பு இல்லை என்றால் தலைப்பையும் பெயர்வெளியையும் (பயனர், வார்ப்புரு போன்ற பக்கப் பிரிவு) பார்த்து வகையை ஊகிக்க வேண்டும். தலைப்பு மாறினால் ஊகமும் மாறும். பயனர் பெயர்வெளியில் ஜேஎஸ் என்று முடியும் துணைப்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். அதையே வேறு தலைப்புக்கு நகர்த்தினால் அதன் பழைய திருத்தங்கள் அனைத்தும் ஒரே நொடியில் விக்கி உரையாகிவிடும். யாரும் உரையைத் தொடவில்லை, பொருள் மாறிவிட்டது. ஒரு பெயர்வெளியின் இயல்பு வகையை அமைப்புக் கோப்பில் மாற்றினாலும் இதேதான் நடக்கும்.

ஏற்கெனவே 'நல்' நிரம்பிக் கிடக்கும் டேபிள் என்றால், அதை நிரப்பும் வரை அமைப்புக் கோப்பில் பெயர்வெளி வகைகளைத் தொடக் கூடாது என்பதைத் திட்டத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நிரப்பும்போது இன்றைய தலைப்பை வைத்துத்தான் ஊகிக்க முடியும். அதனால் நகர்த்தப்பட்ட பக்கங்களை நகர்வுப் பதிகையிலிருந்து எடுத்துத் தனியாகச் சரிபாருங்கள்.

ஒரே பக்கத்தில் உரையும் தரவும் சேர்ந்து இருக்க வேண்டும். இதற்கு எந்த அமைப்பு?

ஸ்லாட் அமைப்பு: ஒரு திருத்தத்துக்குள் பல உள்ளடக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. மீடியாவிக்கி 1.31 (2018) இதற்கான டேபிள்களைக் கொண்டுவந்தது. ஸ்லாட்ஸ் டேபிளில் திருத்த எண், பங்கு, உள்ளடக்க எண், அந்த உள்ளடக்கம் முதலில் வந்த திருத்தத்தின் எண் ஆகிய நான்கு ஃபீல்டுகள். கன்டென்ட் டேபிளில் உள்ளடக்க எண், அளவு, ஷா-1 (உரையின் கைரேகை போன்ற குறியீடு), வகையின் எண், உரை கிடக்கும் முகவரி. வகை இங்கேதான் குடியிருக்கிறது.

ஒரு பக்கத்தில் முதன்மை உரை ஒன்றும் ஜேசன் தகவல் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருத்தம் 501 இரண்டையும் எழுதுகிறது, 502 தகவலை மட்டும் மாற்றுகிறது. ஸ்லாட்ஸ் டேபிள் இப்படி இருக்கும்:

திருத்தம் 501, முதன்மை, உள்ளடக்கம் 9001, தோற்றம் 501
திருத்தம் 501, தகவல், உள்ளடக்கம் 9002, தோற்றம் 501
திருத்தம் 502, முதன்மை, உள்ளடக்கம் 9001, தோற்றம் 501
திருத்தம் 502, தகவல், உள்ளடக்கம் 9003, தோற்றம் 502

மூன்றாம் வரியைக் கவனியுங்கள். மாறாத உரை மறுபடி சேமிக்கப்படவில்லை, பழைய 9001ஐயே சுட்டுகிறது. தோற்ற எண்ணும் திருத்த எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்தப் பங்கு இந்தத் திருத்தத்தில் மாறியது, வேறாக இருந்தால் மாறவில்லை. உரையை எடுத்து ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. வரிசையை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி திருத்த எண்ணும் பங்கும் சேர்ந்தது. அதனால் ஒரு திருத்தத்தில் ஒரே பங்கு இரண்டு முறை வர முடியாது.

விலையும் உண்டு. ஒரு பங்கு மட்டுமே உள்ள விக்கியிலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஸ்லாட்ஸ் டேபிளில் ஒரு வரிசை கூடுகிறது. அதனால்தான் அந்த டேபிளை எவ்வளவு ஒல்லியாக வைக்க முடியுமோ அவ்வளவு ஒல்லியாக வைக்க வேண்டியிருக்கிறது. பங்கின் பெயரை எழுத்தாக வைக்க ஆசைப்பட்டால் மேலே போட்ட கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

மாற்றத்தை எந்த வரிசையில் செய்வது?

பழையதை மாற்றாதீர்கள், புதியதைப் பக்கத்தில் கட்டுங்கள். ஃபீல்டின் பெயரை மாற்றுவதும் இதில் அடங்கும். பெயர் மாறும் அந்த நொடியில் பழைய கோடு (நிரல்) ஓடும் சர்வரும் புதுக் கோடு ஓடும் சர்வரும் ஒரே டேபிளை வேறு வேறு பெயரில் கேட்கும்.

முதலில் புது டேபிளோ ஃபீல்டோ காலியாகச் சேர்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. அடுத்து, கோடு இரண்டிலும் எழுதுகிறது, பழையதிலிருந்து படிக்கிறது. பிறகு பழைய வரிசைகளை நிரப்பும் ஸ்கிரிப்ட். நிரம்பியது உறுதியானதும் இரண்டிலும் எழுதியபடியே புதியதிலிருந்து படிப்பது. சில வாரங்கள் ஓடவிட்டுப் பழையதில் எழுதுவதை நிறுத்துவது. கடைசியில் பழையதை அகற்றுவது. எழுதுவதையும் படிப்பதையும் தனித்தனி விசையாக அமைப்புக் கோப்பில் வையுங்கள். கோடை மறுபடி டிப்ளாய் செய்யாமல் ஒரு வரியைத் திருப்பிப் பின்வாங்க முடியும். மீடியாவிக்கி இப்படித்தான் ஸ்லாட்டுக்கு மாறியது. 2018ல் புது டேபிள்கள் வந்தன, திருத்த டேபிளில் இருந்த பழைய வகை ஃபீல்டுகள் 2020ல் வெளியான 1.35ல்தான் போயின. அவசரப்படவில்லை.

பலர் சறுக்கும் இடம் 'பழையதில் எழுதுவதை நிறுத்துவது'. பழைய ஃபீல்டு 'நல்' கூடாது, இயல்பு மதிப்பும் இல்லை என்று இருந்தால், அதை விட்டுவிட்டு இன்சர்ட் செய்த மறுகணம் ஸ்டிரிக்ட் மோடில் (குறைபாடான மதிப்பை டேட்டாபேஸ் ஏற்க மறுக்கும் நிலை) எல்லாச் சேமிப்பும் பிழையாகும். நிறுத்துவதற்கு முன்பே அந்த ஃபீல்டுக்கு இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள். இது தனி ஸ்கீமா மாற்றம், இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பழைய வரிசைகளை நிரப்பும் ஸ்கிரிப்ட் எப்படி இருக்க வேண்டும்?

முதன்மைச் சாவியின் வரிசையில், சிறு துண்டுகளாக. 'இன்னும் நிரம்பாதவற்றில் 1,000 கொடு' என்று கேட்பது ஆரம்பத்தில் வேகமாக இருக்கும். நிரம்ப நிரம்ப, மிச்சத்தைத் தேடி டேபிள் முழுக்க அலையும். 'எண் 40,001 முதல் 41,000 வரை' என்று கேட்டால் முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒரே வேகம்.

நேரத்தை முன்பே கணக்கிடுங்கள். 4 கோடி வரிசை, துண்டுக்கு 1,000 என்றால் 40,000 துண்டுகள். எழுத 0.2 நொடி, ரெப்ளிகாக்கள் (பிரைமரி சர்வரைத் தொடரும் நகல் சர்வர்கள்) எட்டிப்பிடிக்கக் காத்திருக்க 0.3 நொடி என்றால் 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம். காத்திருப்பதை நீக்கினால் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று தோன்றும். ரெப்ளிகாக்கள் பின்தங்கி, வாசகர்கள் தாங்கள் இப்போது சேமித்த திருத்தத்தையே காணாமல் தவிப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

துண்டு முடிந்ததும் கடைசி எண்ணைத் திரையிலோ பதிவிலோ எழுதட்டும். நடுவில் நின்றால் அங்கிருந்து தொடர முடியும். ஏற்கெனவே நிரம்பிய வரிசையில் மறுபடி ஓடினால் எதுவும் கெடக்கூடாது.

எப்போது தொடங்குவது என்பதுதான் முக்கியம். 'இரண்டிலும் எழுது' எல்லா இடத்திலும் அமலான பிறகு. வலை சர்வர்கள் மட்டுமல்ல, பின்னணி வேலைகளைச் செய்யும் ஜாப் ரன்னர்கள், கிரானில் நேரம் குறித்து ஓடுபவை, நேற்றிரவு யாரோ தொடங்கிவைத்து இன்னும் ஓடும் இம்போர்ட் ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்ந்து. அந்த இம்போர்ட் பழைய கோடையே மெமரியில் வைத்துக்கொண்டு பழைய இடத்தில் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் கடந்துபோன எல்லைக்குப் பின்னால் ஓட்டை விழும். முடிந்ததும், புது டேபிளில் இணை இல்லாத திருத்தம் எத்தனை என்று எண் வரம்பு வரம்பாக எண்ணுங்கள். பூஜ்யம் வராமல் படிப்பதை மாற்றாதீர்கள்.

நீக்கப்பட்ட பக்கங்களையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். விக்கியில் நீக்கம் என்பது மறைப்புதான், நாளை நிர்வாகி ஒருவர் மீட்பார். மீடியாவிக்கியில் நீக்கிய திருத்தங்கள் ஆர்க்கைவ் என்ற வேறு டேபிளுக்குப் போகும். அதை மறந்த மைக்ரேஷன் சோதனையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், மாதங்கள் கழித்து ஒரு மீட்பில் வெடிக்கும். மிகப் பழைய நீக்கங்களில் சில வரிசைகளுக்குத் திருத்த எண்ணே கிடையாது. ஸ்லாட்ஸ் டேபிள் திருத்த எண்ணை வைத்து இயங்குவதால், அவற்றுக்கு எண் கொடுக்க மீடியாவிக்கி தனி ஸ்கிரிப்ட் ஒன்றை முன்னால் ஓட்ட வேண்டியிருந்தது. சொந்த மென்பொருள் என்றால், நீக்கிய டேபிளில் சாவி இல்லாத வரிசை எத்தனை என்பதை முதல் நாளே எண்ணிப் பாருங்கள்.

டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் கட்டளை ஓடும்போது விக்கி நின்றுவிடுமா?

எந்த டேட்டாபேஸ், எந்த மாற்றம் என்பதைப் பொறுத்தது.

மைஎஸ்க்யூஎல் 8.0.12 முதல் கடைசியில் ஃபீல்டு சேர்ப்பது உடனடி வேலை. 8.0.29 முதல் எந்த இடத்திலும் சேர்க்கலாம். 8.0ல் 64 முறை வரைதான், அதற்குப் பிறகு டேபிளைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதன் கிளையான மரியாடிபியில் 10.3 முதல் இந்த வசதி. அல்காரிதம் இன்ஸ்டன்ட் என்று வெளிப்படையாக எழுதுங்கள். முடியாது என்றால் பிழை காட்டி நிற்கும். எழுதாவிட்டால் சத்தமில்லாமல் முழு டேபிளையும் நகலெடுக்கத் தொடங்கிவிடும்.

உடனடி ஆல்டரும் விக்கியை நிறுத்த முடியும். அதற்கு ஒரு கணம் டேபிளின் மெட்டாடேட்டா லாக் (வரையறைக்கான பூட்டு) தேவை. அந்த நேரம் ஒரு பேக்கப் குவெரி அதே டேபிளை ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரணக் குவெரிகளும் ஆல்டருக்குப் பின்னால் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் விக்கி செத்துக் கிடக்கும், சிபியு சும்மா இருக்கும். இந்தக் காத்திருப்புக்கு மைஎஸ்க்யூஎல் தரும் இயல்பு வரம்பு 31,536,000 நொடி, சரியாக ஓராண்டு. ஆல்டர் ஓட்டும் செஷனில் லாக்_வெயிட்_டைம்அவுட் மதிப்பை 5 ஆக்கி, தோற்றால் சிறிது விட்டு மறுபடி ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸிலும் இதே கதை. அங்கே லாக்_டைம்அவுட் இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை.

போஸ்ட்கிரெஸ் 11 முதல் மாறாத இயல்பு மதிப்போடு ஃபீல்டு சேர்த்தால் டேபிள் மறுபடி எழுதப்படுவதில்லை. இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணை) எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி முறையில் போடுங்கள். அதை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று பின்னால் கிடக்கும், பயன்படாது, ஆனால் ஒவ்வொரு எழுதலுக்கும் சுமையாக இருக்கும். அகற்றிவிட்டு மறுபடி போட வேண்டும்.

டேபிளை முழுதாகக் கட்டியே ஆக வேண்டும் என்றால் ஜிஹோஸ்ட், பிடி-ஆன்லைன்-ஸ்கீமா-சேஞ்ச் போன்ற கருவிகள் நகல் டேபிளைப் பின்னணியில் கட்டி, கடைசியில் பெயரை மாற்றும். முதலாவது பின்லாகை (டேட்டாபேஸின் மாற்றப் பதிவு) படித்து மாற்றங்களைத் தொடரும், இரண்டாவது டிரிக்கர் (எழுதும்போது தானாக ஓடும் கட்டளை) போட்டுத் தொடரும். டேபிள் அளவுக்கு வட்டில் காலியிடம் வேண்டும்.

பல ரெப்ளிகாக்கள் இருந்தால் இன்னொரு வழி: ஒவ்வொரு ரெப்ளிகாவாகச் சுற்றிலிருந்து எடுத்து, அதன் செஷனில் பின்லாகை அணைத்து ஆல்டரை ஓட்டி, எட்டிப்பிடித்ததும் திரும்பச் சேர்ப்பது. கடைசியில் ஒரு ரெப்ளிகாவைப் பிரைமரியாக்கி, பழைய பிரைமரிக்கும் அதையே செய்வது. வரிசை அடிப்படையிலான ரெப்ளிகேஷனில் புது ஃபீல்டு டேபிளின் கடைசியில்தான் இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் ஃபீல்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்.

ஜேசனின் உள் அமைப்பு மாறுகிறது. பழைய திருத்தங்களை எல்லாம் மாற்றி எழுதலாமா?

கூடாது. பழைய திருத்தம் என்பது இன்னார் இந்த நேரத்தில் இதை எழுதினார் என்ற சான்று. அதைத் திருத்தி எழுதினால் ஷா-1 மாறும், மீளமைப்பைக் கண்டுபிடிக்கும் கருவிகள் குழம்பும், எழுதாத வாக்கியம் ஒருவர் பெயரில் நிற்கும்.

உள்ளேயே ஒரு பதிப்பு எண் வையுங்கள். படிக்கும்போது ஹேண்ட்லர் 1ஐ 2 ஆக்கும், 2ஐ 3 ஆக்கும். எழுதும்போது எப்போதும் கடைசிப் பதிப்பு. நடப்புத் திருத்தங்களை மட்டும் புதுப் பதிப்புக்குக் கொண்டுவர வேண்டுமானால், பாட் (தானியங்கித் தொகுப்பி) ஒன்று வெளிப்படையாகப் புதுத் திருத்தமாகச் சேமிக்கட்டும். பழைய பதிப்பைப் படிக்கும் கோடு, விக்கி இருக்கும் வரை இருக்கும். முதல் பதிப்பை வெளியிடும்போதே ஃபீல்டு பெயர்களைப் பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதல் பதிப்பில் எண் போட மறந்துவிட்டீர்களா? எண் இல்லாதது 1 என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷனை அகற்றினால் அதன் வகைப் பக்கங்கள் என்ன ஆகும்?

பெயர் டேபிளில் பெயர் இருக்கும், ஹேண்ட்லர் இருக்காது. திட்டமிடாத மென்பொருளில் அந்தப் பக்கத்தை மட்டுமல்ல, அது இடம்பெறும் அண்மைய மாற்றங்கள் பட்டியலையும் திறக்க முடியாமல் போகலாம். அறியாத வகைக்கு மாற்று ஹேண்ட்லர் ஒன்று வேண்டும்: உரையை அப்படியே காட்டும், பதிவிறக்க விடும், தொகுக்க விடாது. பெயர் டேபிளிலிருந்து அந்தப் பெயரை மட்டும் ஒருபோதும் நீக்காதீர்கள். ஒரே ஒரு பழைய திருத்தம் சுட்டிக்கொண்டிருந்தாலும் அது அனாதையாகும்.

ஏற்றுமதிக் கோப்புகளும் மாற வேண்டுமா?

ஆம். மீடியாவிக்கியின் எக்ஸ்எம்எல் 0.10 வடிவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே வகை, ஒரே உரை. பல ஸ்லாட்டுகள் 0.11ல் வந்தன. உங்கள் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் வெளிக் கருவிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியாது. சில காலம் இரண்டு வடிவிலும் கொடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணை ஒருபோதும் ஏற்றுமதி செய்யாதீர்கள், பெயரைக் கொடுங்கள். இந்த விக்கியில் 3 என்பது ஜேசன், அடுத்த விக்கியில் 3 என்பது சிஎஸ்எஸ்ஸாக இருக்கலாம்.

ஒரே மெஷினில் ஓடும் சிறு விக்கி. இத்தனையும் தேவையா?

இல்லை. விக்கியைப் படிக்க மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்து, பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பை வேறு இடத்தில் ஏற்றித் திறந்து பார்த்து, அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஐம்பதாயிரம் திருத்தம் உள்ள விக்கியில் சில நிமிட வேலை. மைஎஸ்க்யூஎல்லில் ஆல்டர் தானாகவே கமிட் ஆகிவிடும். மூன்றாவது கட்டளையில் தோற்றால் முதல் இரண்டும் திரும்பாது. போஸ்ட்கிரெஸில் பெரும்பாலான ஸ்கீமா கட்டளைகளை டிரான்சாக்ஷனுக்குள் போட்டுத் திருப்பலாம். எஸ்க்யூலைட்டில் ஃபீல்டை அகற்றும் கட்டளை 3.35ல் (2021) தான் வந்தது. அதற்கு முந்தையது என்றால் புது டேபிள் கட்டி, நகலெடுத்து, பெயர் மாற்ற வேண்டும்.

நீங்கள் எழுதும் எக்ஸ்டென்ஷன் பிறர் விக்கிகளிலும் ஓடும் என்றால் இந்தச் சலுகை கிடையாது. யார் எந்தப் பதிப்பிலிருந்து தாவுவார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றமும் 'ஏற்கெனவே செய்தாயிற்றா?' என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று டேட்டாபேஸ்களுக்கும் தனித்தனியாக எஸ்க்யூஎல் எழுதாமல், மீடியாவிக்கியின் ஜேசன் ஸ்கீமா வரையறையிலிருந்து உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஃபீல்டை எப்போது அகற்றலாம்?

அகற்றிய பிறகு பின்வாங்க ஒரே வழி பேக்கப்தான். அதனால் இது கடைசிக் கட்டம் மட்டுமல்ல, தனிக் கட்டம். புதியதிலிருந்து படிக்கும் பதிப்பு வெளியாகி, அதற்கு அடுத்த பதிப்பில் அகற்றுவது நல்ல இடைவெளி. அதற்கு முன் கோடில் தேடுவது போதாது. வெளியே இருந்து டேட்டாபேஸை நேரடியாகக் கேட்கும் அறிக்கைகளும் பாட்களும் இருக்கும். சோதனை ரெப்ளிகா ஒன்றில் அந்த ஃபீல்டை அகற்றி, ஒரு நாள் குவெரிகளை அங்கே ஓடவிட்டால், யார் இன்னும் பழையதைத் தொடுகிறார்கள் என்பது பிழைப் பதிவில் பெயரோடு தெரியும்.

இண்டெக்ஸ் என்றால் வேலை இன்னும் எளிது. மைஎஸ்க்யூஎல் 8.0ல் அதை இன்விசிபிள் ஆக்கலாம், மரியாடிபி 10.6ல் இக்னோர்டு ஆக்கலாம். ஒரு வாரம் மெதுவான குவெரிப் பதிவைப் பாருங்கள். புகார் வந்தால் ஒரே கட்டளையில் திரும்பக் கொண்டுவரலாம். மறுபடி கட்ட வேண்டியதில்லை.